தீப்பொறியின் வேளை: பழைய மோட்டார் எஞ்சினில் எரிபற்று நேரம் அமைத்தல்

1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட மொறிஸ் மைனர் வண்டி, 1970களின் தொடக்கத்திலே உற்பத்தி அறவே நின்றுபோன பின்னரும், இலங்கை வீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருத்தலைக் காணலாம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அவ்வண்டியின் எஞ்சின் காலந்தோறும் மாறியது. தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர்க் கொள்ளளவுடையதாயிருந்தது. 1952இல் 803 ஆகவும், 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் அமைந்தது. ஒவ்வொன்றுக்கும் உரிய கைந்நூலில், பல அளவுகளுக்கு நடுவே, ‘எரிபற்று நேரம்: உச்சநிலைக்கு முன் இத்தனை பாகை’ என ஒரு சிறிய இலக்கம் காணப்படும். பழைய வண்டிகளைப் பேணுவோர் அவ்விலக்கத்தை வேதவாக்காகவே கொள்வர். இலக்கம் பிசகாமல் அமைத்த பின்னரும் வண்டி ஏற்றத்தில் தளர்வதும், சில வண்டிகள் உலோகத்தைத் தட்டினாற்போல் ஒலியெழுப்புவதும் அவர்களைத் திகைக்கச் செய்யும். அவ்விலக்கம் எஞ்சினுக்கு மட்டும் உரியதன்று. அது அச்சான நாளில் விற்கப்பட்ட எரிபொருளுக்கும் உரியது என்பதை உணர்ந்தவர்க்கு இத்திகைப்பு இல்லை.

தீப்பொறி எப்பொழுது பிறத்தல் வேண்டும் என்பதே முதலில் ஆராயத்தக்கது. உருளையினுள் பிஸ்ரன் எனப்படும் முசலம் மேலெழுந்து, பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அமுக்கி, உச்சியைத் தொட்டு மீளும். மீளும் அக்கணமே உச்சநிலை எனப்படும். கலவை முற்றாக அமுக்கப்பட்ட அந்த வேளையில் தீப்பொறி தோன்றினாற் போதும் என முதலில் நினைக்கத் தோன்றும். அவ்வாறு நினைத்தல் தவறு. பெற்றோற் கலவை வெடிமருந்துபோல் ஒருங்கே வெடிப்பதன்று. பிளக்கின் முனையிலே தோன்றும் சிறு சுவாலை, காய்ந்த புல்வெளியிற் பற்றிய தீப்போல, எரியாத பகுதியை நோக்கிப் படிப்படியாகப் பரவிச் செல்கின்றது. அது அறை முழுவதும் பரவி அமுக்கம் ஓங்குவதற்கு ஒரு செக்கனின் ஐந்நூற்றில் ஒரு பங்கு அளவு நேரம் செல்லும் எனக் கொள்ளலாம். முசலம் உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 பாகை இறங்கும் நிலையில் அமுக்கம் பெருவுறுமாயின், கிராங்குத் தண்டுக்கு மிகுந்த பயன் கிட்டும். அதற்கு முன்னே ஓங்கினால், ஏறிவரும் முசலத்தைத் தீயே எதிர்த்துத் தள்ளும்; பின்னே ஓங்கினால், இறங்கியோடும் முசலத்தை வீணே துரத்தும். ஆகவே, உரிய இடத்திற் பயன் கிட்டவேண்டுமாயின், தீப்பொறியை முன்கூட்டியே இடுதல் வேண்டும்.

எவ்வளவு முன்கூட்டி என்பது எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழலும் எஞ்சின் ஒரு செக்கனில் 6000 பாகை திரும்புகின்றது. மேற்கூறிய ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் அது 12 பாகை திரும்பும். வேகம் 3000 சுற்றாகும்போது அதே நேரத்தில் 36 பாகை திரும்பிவிடும். வேகம் மிகுந்தால் உருளையினுள் கலவையின் கொந்தளிப்பும் மிகுந்து சுவாலை விரைந்து பரவுமாதலின், உண்மையில் வேண்டப்படும் முற்படுத்தல் இக்கணக்களவுக்கு ஏறுவதில்லை. ஆயினும் வேகத்தோடு தீப்பொறியும் முற்படல் வேண்டும் என்னும் உண்மை நிலைபெறும்.

பழங்காலத்தில் இவ்வேலையைச் சாரதியின் கையே செய்தது. 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்ட் ‘ரீ’ வகை வண்டியில் செலுத்துசக்கரத்தின் கீழே இரண்டு நெம்புகள் இருந்தன. வலப்புறத்தது எரிபொருளை ஆண்டது. இடப்புறத்தது தீப்பொறியை முற்படுத்தியும் பிற்படுத்தியும் வந்தது. வண்டியைக் கைப்பிடி சுழற்றித் தொடக்குவோன் இடப்புற நெம்பைப் பிற்படுத்த மறந்தானாயின், முசலம் உச்சியை அடையுமுன்னே கலவை எரிந்து, கைப்பிடி எதிர்த்திசையிற் பாய்ந்து, அவன் மணிக்கட்டை முறித்துவிடும். கைப்பிடியைச் சுற்றிப் பெருவிரலை வளைத்துப் பிடித்தலாகாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்தல் வேண்டும் என்று பழைய சாரதிகள் இளையோர்க்குக் கற்பித்தமைக்கும் இதுவே காரணம்.

மொறிஸ் மைனர் காலத்தில் அந்நெம்பு மறைந்து, அதன் தொழிலை டிஸ்ரிபியூற்றர் என்னும் கருவி மேற்கொண்டது. லூக்காஸ் நிறுவனத்தார் செய்த அக்கருவியினுள் இரண்டு சிறிய எடைகள் விற்சுருள்களாற் பிணிக்கப்பட்டிருக்கும். வேகம் கூடுந்தோறும் மையநீக்க விசையால் அவை விரிந்து தீப்பொறியை முற்படுத்தும். பக்கத்தே பொருத்திய வெற்றிடப் பெட்டி வேறொரு குறையை நிரப்புவது. சாரதி மிதியைச் சிறிதே அழுத்திச் செல்லும்போது உருளையிற் புகும் கலவை ஐதாயிருக்கும். ஐதான கலவை மெல்ல எரியும். ஆதலின் மேலும் சில பாகை முற்படுத்தல் அதற்கு வேண்டும். காபுரேற்றரிலிருந்து வரும் மெல்லிய குழாய்வழி வெற்றிடம் ஒரு மென்றகட்டை இழுத்து அதனைச் செய்கின்றது. மிதி முற்றாக அழுத்தப்பட்டவுடன் கலவை செறிந்து விரைவில் எரியுமாதலின், அக்குழாயின் இழுப்பும் தானே ஓய்ந்துவிடும். இவ்விரு பொறிமுறைகளும் எங்கிருந்து தம் வேலையைத் தொடங்குதல் வேண்டுமோ, அந்தத் தொடக்கப் புள்ளியையே கைந்நூலின் சிறிய இலக்கம் குறிக்கின்றது. மெக்கானிக்குகள் ‘ரைமிங் வைத்தல்’ என்று சொல்வதும் அதனையே.

இனி, அமைக்கும் முறையை நோக்குதல் தகும். தொடுமுனைகளைச் சீர்செய்யாது எரிபற்று நேரத்தைத் தொடுதல் பயனற்ற வேலை. பட்டறை வழக்கிற் ‘பொயின்ற்’ எனப்படும் இம்முனைகள் பிரியும் கணத்திலேயே தீப்பொறி பிறக்கின்றது. இவற்றின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.36 முதல் 0.41 மில்லிமீற்றர், இருத்தல் வேண்டும். இடைவெளி அகன்றால் முனைகள் முந்திப் பிரிந்து தீப்பொறியும் முந்தும், குறுகினாற் பிந்தும். எனவே நேரத்தை அமைத்துவிட்டுப் பின்னர் இடைவெளியைத் திருத்துவோர் முதற் செய்த வேலையைத் தாமே அழிப்பவராவர். பழகிய முனைகளில் ஒன்றிற் குழியும் மற்றதில் மேடும் உண்டாதல் இயல்பு. தட்டையான அளவுத்தகடு மேட்டின்மேல் நின்று, உள்ளதைவிடச் சிறிய இடைவெளியைக் காட்டி ஏமாற்றும். அத்தகைய முனைகளைத் தேய்த்துச் சமப்படுத்துதல் அல்லது மாற்றிவிடுதல் நன்று.

அடுத்து, முதலாம் உருளை அமுக்க அடிப்பின் முடிவை அணுகும் நிலையை அறிதல் வேண்டும். விசிறிக்கு அண்மையிலுள்ளதே முதலாம் உருளை. நான்கு அடிப்பு எஞ்சினில் முசலம் ஒரு சுழற்சியில் இருமுறை உச்சியை அடையும். ஒன்று அமுக்க அடிப்பின் முடிவு, மற்றையது கழிவை வெளியேற்றும் அடிப்பின் முடிவு. இவற்றை மயங்கினால் எஞ்சின் தொடங்காது. காபுரேற்றர் வழியே சீறும். முதற் பிளக்கைக் கழற்றி அத்துளையைப் பெருவிரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை மெல்லத் திருப்ப, அமுக்க அடிப்பிற் காற்று விரலைத் தள்ளும். மற்றைப் பிளக்குகளையும் கழற்றிவிட்டால் கைப்பிடி இலகுவாகத் திரும்பும். மைனர் வண்டியின் முன்புறத்திற் கைப்பிடிக்கென ஒரு துளை விடப்பட்டிருத்தல் இவ்வேளையில் பேருதவியாகும்.

உச்சநிலையைக் கண்டுபிடிக்கச் சிலர் பிளக்குத் துளையில் கம்பியொன்றை இட்டு, முசலம் எப்பொழுது நிற்கின்றது எனப் பார்ப்பர். இம்முறை நம்பத்தக்கதன்று. 948 எஞ்சினின் முசலம் மொத்தம் 76.2 மில்லிமீற்றர் ஏறியிறங்குவது. எனினும் உச்சியைச் சூழ்ந்த 5 பாகையில் அது 0.2 மில்லிமீற்றர்கூட அசைவதில்லை. அமைக்கவேண்டிய அளவு முழுவதும் கம்பிக்குப் புலப்படாத அந்தச் சிறு அசைவுக்குள் அடங்கிவிடும். ஆகையாற் கிராங்குத் தண்டின் கப்பியிலே வெட்டிய குறியையும், எதிரேயுள்ள மூடியில் அமைந்த மூன்று காட்டிகளையும் துணைக்கொள்ளல் வேண்டும். அவற்றுள் நீண்டது உச்சநிலையையும், குறியவை முறையே 5 பாகை, 10 பாகை முற்பட்ட நிலைகளையும் குறிப்பன. மைனர் வண்டியில் இவை மூடியின் அடிப்புறத்தே மறைந்து கிடப்பதாற் கீழே படுத்தே பார்க்கவேண்டியிருக்கும். வகுத்தோரின் மதிநுட்பம் இவ்விடத்தில் மட்டும் உறங்கிவிட்டது எனலாம். அறிவுடையோர் ஒருமுறை அளந்து, மேற்புறத்தே கண்ணுக்கு எட்டும் இடத்தில் வேறொரு குறி இட்டுக்கொள்வர்.

குறியை உரிய காட்டிக்கு நேரே கொண்டுவரும்போது எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்புதல் வேண்டும். தவறிக் கடந்துவிட்டால், சற்றே பின்னிழுத்தல் போதாது. கால் சுற்றேனும் பின்சென்று மீண்டும் முன்வருதல் வேண்டும். சங்கிலியிலும் பற்சக்கரங்களிலும் உள்ள தளர்வு பின்னோக்கிய அசைவிற் பொய்யான நிலையைக் காட்டுவதே இதற்குக் காரணம்.

இந்நிலையில் 12 உவோற்று மின்குமிழ் ஒன்றே போதுமான கருவியாகும். அதன் ஒரு கம்பியை டிஸ்ரிபியூற்றரின் பக்கத்தேயுள்ள தாழ்ந்த அழுத்த முனையிலும், மற்றையதை எஞ்சினின் உலோகத்திலும் தொடுத்துச் சாவியைத் திருப்புக. முனைகள் பொருந்தியிருக்கும்வரை மின்னோட்டம் அவற்றினூடே செல்லுமாதலின் குமிழ் எரியாது. அவை பிரிந்தவுடன் எரியும். மைனர் வண்டியிற் பற்றறியின் நேர்முனையே உடலோடு தொடுக்கப்பட்டிருப்பினும் குமிழுக்கு அதனால் வேறுபாடில்லை. டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்தி, ரோற்றர் சுழலும் இடஞ்சுழித் திசையில் உடலைச் சிறிது திருப்ப முனைகள் பொருந்தும். பின்னர் அதற்கு எதிராக, வலஞ்சுழியாக, மெல்ல மெல்லத் திருப்பிக் குமிழ் எரியும் கணத்திலே நிறுத்திப் பிடியை இறுக்குதல் வேண்டும். டிஸ்ரிபியூற்றர் கிராங்குத் தண்டின் அரைவேகத்திற் சுழல்வதால், அதன் உடலில் 1 பாகை திருப்பம் எஞ்சினில் 2 பாகையாகும் என்பதை மறத்தலாகாது. இந்நுண்மை கைக்கு வாராதென்றே, உடலின் பக்கத்தில் வரிவரியான சிறிய திருகு ஒன்றும் அமைத்திருக்கின்றனர். அது ‘கிளிக்’ என ஒலித்துத் திரும்பும். ஏறத்தாழ 11 ஒலிகள் கிராங்குத் தண்டின் 1 பாகைக்குச் சமம். சாவியை நெடுநேரம் திருப்பியபடி விட்டுவைத்தால் மின்சுருள் சூடேறிக் கெடும் ஆதலின் வேலையை விரைந்து முடித்தல் நன்று.

இவ்வளவும் செவ்வனே செய்தபின் எஞ்சின் நூலிற் சொல்லிய இலக்கத்தில் நிற்கும். ஆயின் அந்நூல் எந்த எரிபொருளை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது?

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் எண்ணெய் நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட ஒரே பெற்றோல் விற்கப்பட்டது. ‘பூல்’ பெற்றோல் எனப்பட்ட அது 1953 வரை நீடித்தது. அதன் ஒக்ரேன் எண் 70ஐச் சிறிதே கடந்தது. ஒக்ரேன் எண் என்பது தட்டலை எதிர்க்கும் ஆற்றலின் அளவு. பிளக்கிலிருந்து பரவிவரும் சுவாலை கலவையின் கடைப்பகுதியை அடையுமுன், அப்பகுதி வெப்பமும் அமுக்கமும் தாங்காது தானே ஒருங்கு வெடித்துவிடுமாயின், அவ்வதிர்ச்சி உருளைச் சுவரில் மோதி உலோக ஒலியாய்க் கேட்கும். அதுவே தட்டல். தீப்பொறி முந்துமளவுக்கு அமுக்கம் ஓங்கி, தட்டலுக்கு இடமும் மிகும். சிறிது தட்டலால் தீங்கில்லை. ஓயாத தட்டலோ முசலத்தின் தலையை அரித்துத் துளைத்துவிடும். எனவே எண் தாழ்ந்த பெற்றோலுக்கென வகுத்த எஞ்சின்களில் அமுக்க விகிதமும் தாழ்ந்திருந்தது, தீப்பொறியும் உச்சநிலையை ஒட்டியே இடப்பட்டது.

தட்டலுக்கு மருந்து தேடியோர் அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றறிங்கும் அவர்கீழ்ப் பணிபுரிந்த தோமஸ் மிட்கிலியும் ஆவர். 1921 டிசெம்பரில் மிட்கிலி ஈயச் சேர்வை ஒன்றைச் சிறிதளவு கலந்தபோது தட்டல் நின்றது. 1923இல் அவ்வகைப் பெற்றோல் விற்பனைக்கு வந்தது. எஞ்சினுக்கு இனித்த அம்மருந்து மனிதர்க்கு, சிறப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, நஞ்சாயிற்று. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2021இல் உலகெங்கும் வீதி வாகனங்களுக்கான அதன் விற்பனை ஒழிந்தது. எரிபொருள் இவ்வாறெல்லாம் மாறியபோதும் கைந்நூலின் பக்கம் மாறவில்லை.

எரிபொருள் மாறினால் வேளையும் மாறும் என்பதனை யாழ்ப்பாணம் நூலாற் கற்கவில்லை, நெருக்கடியாற் கற்றது. 1990களிற் போரும் பொருளாதாரத் தடையும் பெற்றோலைக் கிட்டாப்பொருளாக்கியபோது, ஒஸ்ரின், மொறிஸ் வகைப் பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினைத் தொடக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே இதற்குக் காரணம். அதன் ஒக்ரேன் எண் பூல் பெற்றோலினும் மிகத் தாழ்ந்தது. பெற்றோலுக்கு அமைத்த வேளையில் அதனை எரித்தால் எஞ்சின் ஓயாது தட்டும். ஆகவே தீப்பொறியைப் பிற்படுத்துதல் இன்றியமையாததாகும். பிற்படுத்தியதன் விலையாக வலு குறையும், வெப்பம் மிகும், புகை கூடும். எரியாத எண்ணெய் முசலத்தின் ஓரமாய் வழிந்து கீழேயுள்ள மசகெண்ணெயை நீர்க்கச் செய்யுமாதலின் அதனையும் அடிக்கடி மாற்றுதல் வேண்டும். புதிய வண்டிகள் பல முடங்கிய காலத்திற் பழையவை நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றமைக்கு அவற்றின் தாழ்ந்த அமுக்க விகிதமே பெருந்துணை. நாகரிகத்திற் பின்தங்கியது எனக் கருதப்பட்ட ஒன்றே அன்று கைகொடுத்தது. பின்னர்ப் பெற்றோல் மீண்டும் வந்தபோது, மண்ணெண்ணெய்க்குப் பிற்படுத்திய நிலையிலேயே விடப்படும் எஞ்சின் சோர்ந்து சூடேறுமே தவிரப் புத்துயிர் பெறாது.

இன்று இலங்கையில் 92, 95 ஒக்ரேன் பெற்றோல்கள் கிடைக்கின்றன. எண் உயர்ந்தது வலுவும் உயர்ந்தது எனப் பலர் கருதுவர், அது மயக்கம். உயர்ந்த எண் தீப்பொறியை முற்படுத்த இடந்தருமே ஒழிய, வலுவைத் தானே கொணர்வதில்லை. பழைய எஞ்சினுக்கு 92 பெற்றோலே போதும். நூல் இலக்கத்திலிருந்து ஒவ்வொரு பாகையாக முற்படுத்தி, மட்டமான வீதியில் மேற்கியரில் மெதுவாகச் சென்று மிதியை முற்றாக அழுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். மெல்லிய தட்டல் தோன்றி வேகம் ஏறியவுடன் மறையுமாயின் வேளை பொருந்தியது எனக் கொள்வர்.

இவ்வழக்கம் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது என்பதே இங்குக் கருதவேண்டியது. 8.3:1 அமுக்க விகிதமுடைய 948 எஞ்சினுக்கு அது ஏற்றது. 7.2:1 விகிதமுடையதில், இன்றைய பெற்றோலைக் கொண்டு, தட்டல் தோன்றாமலே வேளை வேண்டிய அளவைக் கடந்துவிடக்கூடும். செவிக்கு எச்சரிக்கை வாராது. ஆதலால் அத்தகைய எஞ்சினில் தட்டலைத் தேடுவதைவிட, முற்படுத்துந்தோறும் இழுவை கூடுகின்றதா என்பதையே நோக்கி, கூடுதல் நின்ற இடத்திலிருந்து ஓரிரு பாகை பின்வாங்குதல் நன்று. சூடான எஞ்சின் தொடங்கும்போது ஸ்ராட்டர் திணறித் திணறிச் சுழலுமாயின் முற்படுத்தல் மிகைப்பட்டது என்பது வெளிப்படை.

முற்படுத்தியும் பயன் காணாவிடில் டிஸ்ரிபியூற்றரின் உள்ளே பார்த்தல் வேண்டும். அரை நூற்றாண்டு உழைத்த விற்சுருள்கள் தளர்ந்திருக்கலாம்; எடைகள் துருவேறி விரியாதிருக்கலாம்; வெற்றிடப் பெட்டியின் மென்றகடு கிழிந்திருக்கலாம். நின்ற நிலையில் மின்குமிழ் காட்டும் வேளை சரியாயிருந்தும் ஓடும் நிலையில் அது பிசகும். குழாயை வாயிலிட்டு இழுக்க உள்ளே தகடு அசையாவிடில் மென்றகடு கெட்டது. எடைகளைச் சோதிக்க, தீப்பொறிதோறும் மின்னும் விளக்கு வேண்டும். அதன் ஒளியிற் கப்பியின் குறி அசையாது நிற்பதுபோல் தோன்றும். வேகத்தைக் கூட்ட அது சீராக முன்னேறுதல் வேண்டும். நேர்முனை உடலோடு தொடுக்கப்பட்ட வண்டியில் இவ்விளக்கின் கம்பிகளை மாற்றித் தொடுத்தால் விளக்கே கெட்டுவிடக் கூடும்.

பிடியை இறுதியாக இறுக்கும்போது டிஸ்ரிபியூற்றர் ஒரு மயிரிழை திரும்புதல் வழக்கமாதலின், இறுக்கியபின் மின்குமிழால் மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். அமைந்த பாகையையும், எந்தப் பெற்றோலுக்கு அமைத்தது என்பதையும், ஒரு சிறு அட்டையில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறத்தே ஒட்டிவைத்தல் நன்று. இல்லையேல், அடுத்துத் திருத்த வருபவர் கைந்நூலைப் புரட்டி அதனைப் பழைய இலக்கத்துக்கே திருப்பிவிடுவார்.